அறை விருந்தினருக்கு, விதி யாருடையது?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. வெளியில் எடுத்துச் செல்லவும் அது பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த உரிமை கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை, ஹோட்டல் முதலாளியை அல்ல. அவர் துப்பாக்கிக்குத் தடை விதித்தபின் அதை இடுப்பில் மறைத்துக்கொண்டு நுழைவது, உரிமம் பெற்றவருக்கும் பல மாநிலங்களில் அத்துமீறலாகலாம். 2017இல் லாஸ் வேகாஸின் மாண்டலே பே ஹோட்டலில் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் கூட்டத்தைச் சுட்டான். அப்படிப்பட்டவன் தடை அறிவிப்புப் பலகையை மதிக்கவா போகிறான் என்று தடையை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். மதிக்க மாட்டான்தான். ஆனால் தலையணைக்கடியில் மறந்துவிட்ட துப்பாக்கி அறையைத் துப்புரவு செய்பவர் கையிலோ குழந்தை கையிலோ சிக்குவதற்குக் கொலைகாரன் தேவையில்லையே!

வாடகை அறையும் வீடுதானே என்பது இதைவிட வலுவான வாதம். டெக்சாஸ் அதை ஏற்று, விருந்தினர் அறையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஹோட்டல்கள் தடுக்கக் கூடாதென 2021இல் சட்டமே போட்டது. அப்படிச் சட்டமில்லாத மாநிலத்தில், தடை பிடிக்காதவர் வேறு ஹோட்டல் பார்ப்பதே முறை. ஒளித்து எடுத்துப்போவது அல்ல.