வண்டி ஏன் இழுக்கவில்லை?

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்திருப்பது ஔந்த். முன்னாளில் சிற்றூராக இருந்து, பின்னர் நகரோடு ஒன்றிவிட்ட பகுதி அது. அங்கே நம்மவர் ஒருவர் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்துச் சரக்கு ஏற்றிப் பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாத்தாராப் பாதையில் காத்ரஜ் கணவாயை மூன்றாவது கியரில் ஏறிய வண்டி, இப்போது இரண்டாவது கியரிலும் மூச்சு வாங்குகிறது. “எஞ்சினைப் பிரிக்க வேண்டும்” என்று பட்டறையில் சொல்லிவிடுகிறார்கள். பல மாத வருவாயை விழுங்கும் அச்செலவிற்கு உடன்படுமுன் அவர் பார்க்க வேண்டியவை யாவை? அதனையே இங்கு ஆராய்வோம்.

மராத்தி மெக்கானிக்கிடம் இக்குறையைச் சொல்வதற்கு, ‘காடீ ஓடத் நாஹீ’ என்பது போதும். அங்குள்ள ‘ஓட’ என்பது நம் ஓட்டமன்று. இழுத்தலையே அது குறிக்கும். வண்டி இழுக்கவில்லை என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

முதற்கண், குறை எஞ்சினில்தான் உள்ளதா என்று தெளிய வேண்டும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பின், சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் உறுமியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஆக்சிலரேட்டரை ஒருவர் முழுதும் மிதிக்க, பம்ப்பின் நெம்புகோல் கடைசிவரை செல்கிறதா என்று மற்றொருவர் காணல் வேண்டும். தளர்ந்த கேபிள் ஒன்றே சக்தியைப் பாதியாக்கிவிடக்கூடும்.

இவை சரியாயிருப்பின் எஞ்சினுக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்று கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதில் டீசல் தூவப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆதலின் காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் சக்தி குறையும். எது குறைந்தது என்பதைப் புகையே பெரும்பாலும் அறிவித்துவிடுகிறது.

கரும்புகை, மராத்தியில் ‘காளா தூர்’, டீசல் மிகுந்து காற்று குறைந்ததன் அடையாளம். புழுதிச் சாலைகளில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்வது இயல்பு. அதை முதலில் மாற்றுக. டர்போ பொருத்திய வண்டியாயின், அதன் காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்க்க. இவ்விரண்டும் நன்றாயிருந்தும் கரும்புகை நீங்காவிடில், நாசில்களைச் சோதிக்கக் கொடுக்கலாம்.

புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால், டீசல் போதவில்லை என்று ஐயுறலாம். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள நீரைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் கீழே தங்கிவிடும். ஃபில்டரை மாற்றிய பின், மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி, காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை டீசலை வெளியேற்றித் திருகை இறுக்குதல் வேண்டும். சிறிது தூரம் நன்றாக ஓடிப் பின்னர் சோர்ந்தால், டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, வண்டியும் தெளிந்தால், மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் குறை அது.

நீலப்புகை, அதாவது ‘நிளா தூர்’, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை, அதாவது ‘பாண்டரா தூர்’, நீங்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். அப்போதும் உடனே பிரிக்க ஒப்பாதீர்கள். முதலில் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்து, பின்னர் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றினும் மிகத் தாழ்ந்திருந்தாலோ, எல்லாமே தயாரிப்பாளர் குறித்த அளவிற்குக் கீழே இருந்தாலோதான் பிரிக்கும் வேலைக்குக் காரணம் உண்டு.

சென்னையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தோர்க்கு ஒரு செய்தி. புனே கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் சற்றே தளர்வதும், சிறிது புகைவதும் இதனால் நேரலாம், அது பழுதன்று.

இறுதியாக, இரண்டு எச்சரிக்கைகள். பம்ப்பின் முத்திரையிட்ட திருகைத் திருப்பி டீசலைக் கூட்டினால் வண்டி பாய்ந்து செல்லும் என்பார் உளர். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் புகையும் வெப்பமுமே மிகும். நாளடைவில் பிஸ்டனே உருகிப்போகலாம். மேலும், நாசில் தூவும் டீசலின் எதிரே ஒருபோதும் கையை நீட்டலாகாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே செலுத்திவிடும். இங்குக் கூறியவை பழைய, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத எஞ்சின்களுக்கே பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளின் டீசல் குழாய்களை வீட்டில் தளர்த்துதல் கூடாது. அவற்றிற்குக் கணினிச் சோதனையே முறை.

மலிவானதை முதலிலும் விலைமிக்கதைக் கடைசியிலும் பார்ப்பதே நல்ல மருத்துவம். அயலூரில் ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துவோர்க்கு, அந்த வரிசையை அறிந்திருப்பதே பெரிய சேமிப்பு.