அடுத்த மாடல் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பையன் கல்லூரிக்குப் போகிறான், பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றால் அடுத்த பேச்சு லேப்டாப்தான். அதிலும் ஆப்பிள் கம்பெனியின் மேக்புக் ப்ரோ என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிற சமாசாரம். "இப்போது வேண்டாம்ப்பா, அடுத்த மாடலில் எல்லாமே மாறப் போகிறது" என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். அப்படி என்னதான் மாறப் போகிறது? நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ரயில் பெட்டிகளோடும் பிரேக்குகளோடும் காலம் தள்ளிய டிப்ளமாக்காரன். ஆனாலும் யந்திரம் யந்திரம்தானே! மின்சாரம் எவ்வளவு, சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, எந்தப் பாகம் முதலில் தேயும் என்று கேட்டுக்கொண்டு போனால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

முதலில் பாட்டரி. 16 அங்குல மேக்புக் ப்ரோவில் 2019-லேயே 100 வாட்-அவர் பாட்டரி வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஏன் போகவில்லை தெரியுமோ? தனி அனுமதி இல்லாமல் பயணிகள் விமானத்தில் கொண்டுபோகக்கூடிய லித்தியம் பாட்டரிக்கு உச்சவரம்பே அதுதான். ஏர்லைன்ஸிடம் அனுமதி வாங்கினால்தான் பறக்கலாம் என்ற லேப்டாப்பை யார் வாங்குவார்கள்? ஆகவே, பாட்டரி இரண்டு மடங்காகப் போகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பென்ஷன்காரர் குடும்பம் மாதிரி, வரவு கூடாது, செலவைத்தான் சுருக்க வேண்டும். பஞ்சப்படிகூட இதில் கிடையாது.

செலவைச் சுருக்க இரண்டே இடங்கள்: சிப், திரை. சிப்பில் பெரிய சுருக்கம் 2020 நவம்பரில் நடந்தது. இன்டெல்லை விட்டு ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோது, 13 அங்குல மாடலில் பாட்டரி ஏறத்தாழ அதே அளவில் இருக்க, ஓடும் நேரம் கம்பெனிக் கணக்குப்படி 10 மணியிலிருந்து 20 மணியானது. அப்புறம் வருஷா வருஷம் முன்னேற்றம் வந்தாலும் அந்தப் பாய்ச்சல் மறுபடி வரவில்லை. 2025 அக்டோபரில் வந்த எம்5 வரை மூன்று தலைமுறைகள் 3 நானோமீட்டர் முறையிலேயே செய்யப்பட்டவை. சிப்பைத் தயாரித்துக் கொடுக்கும் தைவான் கம்பெனி 2025 கடைசியில் 2 நானோமீட்டர் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அடுத்த பெரிய மாறுதல் அதில்தான் இருக்கும் என்பது என் ஊகம். (இந்த எண்களை ஸ்கேல் வைத்து அளந்ததாக நினைக்க வேண்டாம். அவை வெறும் தலைமுறைப் பெயர்கள்.)

திரைக்கு வருவோம். 2021 முதல் இதில் திரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பொடி விளக்குகள், கூட்டம் கூட்டமாக எரிகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் லேசாக ஒளி கசியும். ஓ.எல்.ஈ.டி. திரையில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் அணைந்துவிடும். 2024 மே மாதம் ஐபாட் ப்ரோவில் இதை இரண்டு அடுக்காக வைத்தார்கள். 2026 இறுதியிலோ 2027 தொடக்கத்திலோ மேக்புக் ப்ரோவுக்கும் வரும், கூடவே தொடுதிரையும் வரும் என்று 2025-ல் பத்திரிகைகள் எழுதின. சினிமா பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நாள் முழுக்க எக்செல் தாளையும் வெள்ளைப் பக்கத்தையும் பார்ப்பவர்களுக்கு எல்லாப் புள்ளியும் எரிந்துகொண்டே இருக்குமே, மின்சாரம் எங்கே மிச்சமாகும்? மேலே உள்ள மெனுப் பட்டை மாதிரி நகராமல் நிற்கும் உருவங்கள் வருஷக்கணக்கில் தழும்பு விழச் செய்யும் அபாயமும் உண்டு. இரண்டு அடுக்காகச் சுமையைப் பகிர்வது அதற்கும் ஓரளவு மருந்து.

தொடுதிரையை எதிர்த்தவர் ஸ்டீவ் ஜாப்ஸே. செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை சோர்ந்துவிடும் என்று 2010 அக்டோபரில் சொன்னார். எனக்கு அதைவிடக் கீல்தான் கவலை. விரலால் அழுத்தும்போது திரை ஆடக்கூடாது, அதற்குக் கீல் இறுக்கமாக வேண்டும். ஆனால் ஒற்றை விரலால் மூடியைத் திறக்கும்போது அடிப்பாகம் கூடவே எழும்பக்கூடாது, அதற்குக் கீல் இளக்கமாக வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்க்கப் போகிறார்களோ!

புதிய உருவம் என்றாலே நான் தயங்குவதற்குக் காரணம் 2016. அந்த வருஷம் மெல்லியதாக்குகிறேன் என்று எச்.டி.எம்.ஐ. துளை, கார்டு துளை, காந்தச் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைப்-சி மட்டும் வைத்தார்கள். கீபோர்டில் பட்டர்ஃப்ளை என்ற புது அமைப்பு. கீயின் அடியில் இடைவெளி மிகக் குறைவு. ஒரு தூசி புகுந்தால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். கீபோர்டு மேல்தகட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டது, பாட்டரியும் அதிலேயே ஒட்டப்பட்டது. ஆக ஒரு தூசிக்காக மேல்பாகம் முழுவதையும் மாற்றும்படி ஆயிற்று! 2018 ஜூனில் இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தார்கள். 2019-ல் பழைய பாணிக் கீபோர்டு திரும்பியது. 2021-ல் துளைகளும் காந்தச் சார்ஜரும் திரும்பின, எடையும் கொஞ்சம் கூடியது. ரயில்வேயில் புது டிசைன் பெட்டி என்றால் லக்னோ ஆராய்ச்சி நிலையத்தார் பல வேகங்களில் ஓட்டி, ஆட்டத்தை அளந்த பிறகே பயணிகள் ஏறுவார்கள். இங்கே அந்தச் சோதனை ஓட்டத்தின் ஒரு பகுதியை முதல் வருஷம் வாங்குபவர்கள் தம் காசில் நடத்தித் தருகிறார்கள்.

நான் எதிர்பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. சில விதிவிலக்குகள் போக, 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பாவில் விற்கும் சாதனங்களில் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது சட்டம். ஐபோன் 16-ல் ஏற்கெனவே சிறிது மின்சாரம் செலுத்தினால் பிடியை விட்டுவிடும் பசையை வைத்திருக்கிறார்கள். அது லேப்டாப்புக்கும் வந்தால் நாலு வருஷம் கழித்து நமக்கு உண்மையான லாபம். மெமரியையும் டிஸ்க்கையும் கழற்றி மாற்றும் வழி வரும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவற்றை வாங்கும்போதே கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்வது நல்லது.

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிவிட்டவர்கள் 2021 முதல் ஓடித் தேறிய உருவத்தையே வாங்கலாம். ஓ.எல்.ஈ.டி.தான் வேண்டும் என்பவர்கள் அது வந்து ஒரு வருஷம் ஓடட்டும் என்று பொறுக்கலாம். பிள்ளை மெக்கானிக்கல், சிவில் எடுத்திருந்தால் இன்னொரு விசாரணை பாக்கி: சாலிட்வர்க்ஸ், ரெவிட் போன்றவை விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை, மேக்கில் நேரடியாக ஓடா. கல்லூரியில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.