புதுக் கருவியும் பழைய பாடமும்

ஆதிச்சநல்லூர் என்றதும் முதுமக்கள் தாழிகள்தாம் பலர் நினைவுக்கும் வரும். 1876இல் பெர்லின் நகரத்து அறிஞர் ஜாகோரும், பின்னர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீயும் இவ்வூர்ப் பறம்பில் அகழ்ந்தபோது, தாழிகளோடு வெண்கலப் பொருள்களும் இரும்பாலான வாள், ஈட்டி, சூலம் முதலியனவும் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் அகழ்ந்த இடத்திலேயே ஒரு காட்சிக்கூடமும் திறக்கப்பட்டது. அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கோ இரும்பு என்பது காட்சிப்பொருள் மட்டுமன்று. எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் என் தந்தையார் வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறார். அண்மையில் அங்கு வந்து சேர்ந்த ‘மிக்’ இயந்திரத்தோடு நாங்கள் பழகிய விதத்தை, இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

மூன்று முறை, ஒரே பகை

உருகிய இரும்புக்கு முதல் பகை காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மையை அடையும். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரு துண்டுகளின்மேல் மணலைத் தூவிச் சம்மட்டியால் அடிப்பது வெறும் சடங்கன்று. மணல் உருகி, இரும்பின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து வெளியே தள்ளுகிறது.

1881இல் ரஷ்யரான பெனார்டோஸ் கரிமுனையிலிருந்து மின்வில் எழுப்பி உலோகத்தை இணைத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுக் கெல்பெர்க் கம்பியின்மேல் பூச்சிடும் முறையைக் கண்டார். இன்று தெருவோரப் பட்டறைகளில் நாம் காணும் ‘ராடு’ அதன் வழிவந்ததே. பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பை மூடிக்காக்கிறது.

1948இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வுக்கூடத்தில் உருவானதே ‘மெட்டல் இனர்ட் கேஸ்’, சுருக்கமாக ‘மிக்’ முறை. இதில் பூச்சு இல்லை. சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். காவலுக்கு உருளையிலிருந்து வாயு வரும். 1953 முதல் இரும்பு வேலைக்கு மலிவான கரியமில வாயுவும் பயன்படலாயிற்று. ஆகவேதான் நம் பட்டறைக்காரர்கள் இதனைச் ‘சி.ஓ.டூ வெல்டிங்’ என்கின்றனர். முறை மூன்றாயினும் பகை ஒன்றே.

கையின் வேலையை இயந்திரம் ஏற்கிறது

ராடு எரிய எரியக் குறுகும். அதற்கேற்பக் கையை மெல்லத் தாழ்த்தி, மின்வில்லின் நீளம் மாறாமல் காப்பதே பழைய முறையின் கடினமான பாடம். அது கைவர மாதக்கணக்காகும்.

புதிய இயந்திரமோ மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. வில் நீண்டால் மின்னோட்டம் குறையும். கம்பி உருகுவதும் குறையும். பின்னால் வரும் கம்பி இடைவெளியை நிரப்பிவிடும். வில் குறுகினால் இதற்கு நேர்மாறாக நிகழும். இவ்வாறு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் அமைப்பை வகுப்பில் படித்ததைவிடப் பட்டறையில் தெளிவாகக் கண்டேன்.

3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி, 18 அல்லது 19 வோல்ட், நிமிடத்துக்கு 5 மீட்டரை ஒட்டிய கம்பி வேகம் என்று தொடங்கினோம். அதன்பின் அளவைச் சொல்வது காதுதான். கம்பி வினாடிக்குப் பல பத்து முறை உருகுகுளத்தைத் தொட்டுத் தொட்டு உருகுகிறது. அளவு சரியாக இருந்தால் வடைச் சட்டியில் எண்ணெய் பொரிவது போன்ற சீரான ஒலி கேட்கும். கம்பி வேகம் மிகுந்தால் அது கையையே பின்னுக்குத் தள்ளும். குறைந்தால் விட்டுவிட்டு வெடிக்கும். “ஏல, மொதல்ல காதக் குடு, அப்புறம் கையக் குடு” என்று அப்பா சொன்னதன் பொருள் அப்போது விளங்கிற்று.

வெளுத்ததெல்லாம் பாலன்று

இம்முறையில் ஒரே நாளில் அழகான இணைப்புக் கோடு போட்டுவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ராடு பிடிக்கத் தெரியாதவன் வேலை பார்த்தவுடனே தெரிந்துவிடும். மிக் முறையிலோ, தகடு உருகாமலேயே கம்பி மட்டும் உருகி அதன்மேல் அழகாகப் படிந்துவிடக்கூடும்.

வாழைத்தார் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் ஒன்று எங்களிடம் வந்தது. வேறெங்கோ மிக் முறையில் இணைக்கப்பட்டிருந்த அதன் இழுவைக் கொக்கி பெயர்ந்துவிட்டது. இணைப்புக் கோடு மரப்பட்டை உரிந்ததுபோல் முழுதாகக் கழன்றிருந்தது. அதன் அடியில் இரும்பின் பழைய விளிம்பு வெட்டியபடியே கூர்மையாக இருந்தது, சிறிதும் உருகவில்லை. ஆற்றுப்பாலத்தின்மேல் பாரத்தோடு போகையில் அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இதனைத் தவிர்க்க வழி உண்டு. கம்பி எப்போதும் உருகுகுளத்தின் முன்விளிம்பில் விழ வேண்டும். குளம் முந்திக்கொண்டு ஓடினால் வெப்பம் தகட்டைச் சேராது. துருவையும் வண்ணப்பூச்சையும் முன்கூட்டியே தேய்த்து நீக்க வேண்டும். இரண்டு துண்டுகளை ‘ட’ வடிவில் ஒரு பக்கம் மட்டும் இணைத்து, வைசில் இறுக்கி, இணைப்பின் பக்கமாகச் சாயும்படி சம்மட்டியால் அடித்துப் பார்க்க வேண்டும். அடி வாங்கிய துண்டு பொய் சொல்லாது. இப்படிப் பல துண்டுகளை உடைத்துப் பார்த்த பின்னரே கூலி வேலையில் அந்த இயந்திரம் இறங்கியது. இன்றும் சன்னல் கம்பிக்கும் மெல்லிய குழாய்க்கும் மிக். கனத்த இழுவைக் கொக்கிக்கு ராடு என்பதே அப்பாவின் விதி. எங்கள் சிறிய இயந்திரத்தின் ஆற்றலை எண்ணினால் அது நியாயமான விதியே.

ஆடிக் காற்றும் வாயுவும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் புழுதியை வாரி இறைக்கும். வேப்பமரத்தடியில் ராடு வைத்து வேலை செய்வோர்க்கு அது பெரிய தடையன்று. மிக் முறையில் அது காவல் வாயுவையே கலைத்துவிடும். இணைப்பு புழு துளைத்த கத்தரிக்காய்போல் ஓட்டை விழும். வாயுவை மிகுதியாகத் திறந்தாலும் பயனில்லை. சுழல் ஏற்பட்டு வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டினோம். நான்கு புறமும் அடைக்கவில்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அடைத்த அறையில் கீழே தேங்கி மூச்சை முட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயின் புகையும் அன்றிரவே குளிர்காய்ச்சலைத் தரவல்லது. கடற்கரை மாவட்டத்து உப்பங்காற்றில் கம்பிச் சுருள் துருப்பிடிக்காமல் மூடி வைப்பதும் தேவை.

நண்பர்களே! கருவி வளர வளர வேலை எளிதாகிறது, பொறுப்பு எளிதாவதில்லை. முன்பு கையின் தடுமாற்றம் குறையைக் காட்டிக் கொடுத்தது. இன்று இயந்திரத்தின் நேர்த்தி அதனை மறைத்துவிடுகிறது. ஆகவே, தன் வேலையைத் தானே உடைத்துப் பார்க்கும் துணிவு இன்று நமக்கு முன்னைவிட அதிகம் வேண்டும். பட்டறைக்கு மட்டுமன்று, நம் படிப்புக்கும் இது பொருந்தும்.