பாட்டனார் மலையேறிய ஆண்டு



நகரத்துச் சபையொன்றில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சொந்த ஊர் எதுவென்று விசாரித்துப் பாருங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் என்னும் விடைகளுக்கு நடுவே மூணாறு, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்ற பெயர்களும் காதில் விழும். கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையோரத்தில் பிறந்து, கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் பிழைப்புக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் அவை. "உங்கள் முன்னோர் எந்த ஆண்டில் மலையேறினார்கள்?" என்று அடுத்துக் கேட்டால் இளையோர் விழிக்கிறார்கள். அந்த விடை வீட்டிலுள்ள ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று அவரிடம் நாள்தோறும் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு எண்பத்தொரு வயது. தேவிகுளம் தாலுகாவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்து ஓய்வு பெற்று, லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, இப்போது கோயம்புத்தூரில் இளைய மகனோடு வசிக்கிறார். ஓய்வு பெற்ற தொழிலாளி, மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலையிலிருந்தாலன்றி, லயத்தில் தங்க இயலாது. வாழ்நாளெல்லாம் மண்ணில் நின்று உழைத்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் அங்கே இல்லை. விட்டுவந்த ஊரிலும் இல்லை. அவருடைய பேச்சு ரேஷன் அரிசியில் தொடங்கும், பேருந்துக் கட்டணத்துக்குப் போகும், அங்கிருந்து காமராசருக்குத் தாவும், கடைசியில் பச்சைக் கொழுந்தின் விலையில் வந்து நிற்கும். "தாத்தா ஆரம்பித்துவிட்டார்" என்று பிள்ளைகள் எழுந்துபோவதும் உண்டு. ஆனால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தாவலுக்குள்ளே ஒரு கணக்கு இருப்பது தெரியவரும்.

"எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டுப் போடியிலயிருந்து நடந்தே ஏறுனாங்க ஐயா. அப்ப போடிக்கு ரயிலு கிடையாது. சுதந்திரம் வந்து அடுத்த மழைக்கு முந்தி" என்பார். இதில் தேதி இல்லை. ஆனால் தேதிக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது நிறுத்தப்பட்டு, 1950களில்தான் மீண்டும் ஓடிற்று. சுதந்திரத்துக்கு அடுத்த மழை 1948ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை. ஆகவே குடும்பம் மலையேறியது 1948இன் முற்பகுதி. (பிற்காலத்தில் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. அச்செய்தியைப் பெரியவர் தாமே எனக்குக் கைப்பேசியில் அழைத்துத் தெரிவித்தார்.)

அவருக்கு முன்னே ஏறியவர்களின் பாதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்களைத் திரட்டினார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஒன்று ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அது கட்டப்படவேயில்லை. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் கேரளத்தார் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். "வெள்ளத்துக்கு முந்தி வந்தவர்", "வெள்ளத்துக்குப் பிந்தி வந்தவர்" என்று மூத்தோர் பிரித்துச் சொன்னால், அது குலப்பெருமை அன்று. அதுதான் அவர்களுடைய நாட்காட்டி.

பெரியவரின் குடும்பம் ஏறிவந்தபோது அந்த மலையை ஆண்டவர் திருவிதாங்கூர் மகாராஜா. 1949 ஜூலை 1இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1இல் கேரளமாகி, கோட்டயம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. லயம் ஓரடிகூட நகரவில்லை; விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

1954ஆம் ஆண்டை அவர் மறக்கவில்லை. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்க வேண்டுமென்று, மார்ஷல் நேசமணியைத் தலைவராகக் கொண்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய ஆண்டு அது. கடைவீதிக்குப் போகவேண்டாமென்று தகப்பனார் வீட்டாரைத் தடுத்ததும், இரவில் விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்திருந்ததும் ஒன்பது வயதுச் சிறுவனின் மனதில் பதிந்துவிட்டன. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழர் பக்கம் வந்தன; தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டத்துத் தமிழர் வந்துபோகும் கூலிகள், நிலையான குடிகள் அல்லர் என்ற வாதம் அப்போது முன்வைக்கப்பட்டது. வந்துபோகிறவர் எழுபது ஆண்டுகளாகப் போகாமலே இருந்தால் அவரை என்னவென்று அழைப்பது? இக்கேள்வியைப் பெரியவர் கோபமின்றியே கேட்கிறார். எனக்குத்தான் கோபம் வருகிறது.

அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே சம்பந்தியம்மாளுடைய கதை நேர்மாறானது. அவர் எங்கிருந்தும் வரவில்லை. "ஏனுங்க, நாங்க இருந்த எடத்துலயேதானுங்க இருக்கறோம். ராஜ்ஜியந்தானுங்க மாறிப்போச்சு" என்று சிரிப்பார். சித்தூர்த் தாலுகா கொச்சி மகாராஜாவுக்குரியது. பக்கத்திலிருந்த பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956க்குப் பின் இரண்டும் கேரளம். சந்தைக்குப் பொள்ளாச்சி, அரசு அலுவலகத்துக்குச் சித்தூர் என்பதே அவருடைய பூகோளம். அரசியல் என்றால் அவருக்குத் தண்ணீர்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாயிற்று. ஆண்டொன்றுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வரவேண்டும். இந்த எண்ணிக்கை அவருக்குத் தெரியாது. எந்த மாதம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பது தெரியும். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலையை, குடத்தோடு உட்கார்ந்த பெண்களின் போராட்டத்துக்குப் பின் 2004இல் நிறுத்தினார்கள். போராட்டத்தை நடத்திய மயிலம்மாவைப் பற்றி, பக்கத்து வீட்டு மனுஷியைப் போலப் பேசுவார்.

அந்த அம்மாளுக்கு எழுத்தில்தான் துன்பம். தமிழில் ஒரு விதமாகவும், மலையாளத்தில் வேறு விதமாகவும், ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாகவும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. படிவத்தில் வீட்டுப்பெயர் கேட்பார்கள். தமிழருக்கு முதலெழுத்துதான் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று இடம் தருகிறது. அந்த உரிமை இருப்பதே நம்மவர் பலருக்குத் தெரியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் வெளியானது. ஒரு மாநிலத்தில் அந்தச் சான்றிதழைக் கோருகிறவர், தம் முன்னோர் அந்தத் தேதிக்கு முன்னரே அங்கே குடியிருந்ததாகக் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் கேரளத்தில் "நீங்கள் தமிழ்நாட்டார்" என்பார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தால் "நீங்கள் கேரளத்தில் பிறந்தவர்" என்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அலைகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஆ. ராஜாவின் வழக்கு நாடறிந்தது. (அதே பெயருடைய நீலகிரித் தலைவர் வேறு, இவர் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர், சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தவர்.) அவர் கிறிஸ்தவர் என்று கூறி, கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச் 20இல் அவருடைய வெற்றியை இரத்து செய்தது. 2025 மே 6இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, வெற்றியை நிலைநிறுத்தியது. அவருடைய பாட்டன் பாட்டி 1950க்கு முன்னரே மலைக்கு வந்தவர்களா என்பதும் அவ்வழக்கில் விவாதிக்கப்பட்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவிக்கே பாட்டி தோட்டத்துக்கு வந்த ஆண்டு தேவைப்பட்டதென்றால், சாமானியரின் நிலை என்ன?

நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் அதில் உண்டு. சபையின் குடும்பப் பதிவேடும், ஞானஸ்நானப் பதிவேடும் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டன. 1950ஆம் ஆண்டின் அந்த ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகையால் சபையில் ஒரு பெயரும் அலுவலகத்தில் ஒரு பெயருமாக வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கண்டிப்பது எளிது. ஒரே லயத்தில் ஒரே வறுமையில் பிறந்த அண்ணன் தம்பியரில், ஜெபிக்கும் இடத்தைப் பார்த்து ஒருவனுக்குக் கொடுத்து ஒருவனுக்கு மறுக்கிற ஏற்பாட்டை அல்லவா முதலில் கேட்கவேண்டும்? பதிவேடு விஷயத்தில் பெந்தெகொஸ்தே சபைகளாகிய நாம் பின்தங்கியே இருக்கிறோம். மூணாறு சி.எஸ்.ஐ. ஆலயம் 1910-11இல் எழும்புமுன்னே, 1894 முதலே அங்கே கல்லறைத் தோட்டம் இருந்தது. நாமோ குழந்தைப் பிரதிஷ்டை செய்து, ஜெபித்து, இனிப்பு வழங்கி அனுப்புகிறோம். நோட்டில் எழுதுவது அபூர்வம்.

எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை நாம் பெயர்ப்பட்டியல் என்று வேகமாகக் கடந்துபோகிறோம். பாபிலோனிலிருந்து திரும்பினவர்களில் தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் காட்ட இயலாமற்போனவர்களும் அங்கே உண்டு. ஆசாரியரில் சிலர் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காததால், ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். தாத்தாவிடம் கேட்டு எழுதாமற்போன குடும்பங்கள் அவை என்றே எனக்குத் தோன்றும். வேதாகமக் கல்லூரியில் இப்படி யாரும் எனக்குப் போதிக்கவில்லை.

பெரியவருக்குக் காலஞ்சென்ற தம்பி ஒருவர் இருந்தார். அந்தக் குடும்பம் விசுவாசத்துக்கு வரவில்லை. தம்பியின் பேத்திக்குக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் தேவைப்பட்டபோது, முதன்முறையாக எல்லாரும் பெரியவரைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். ரயில் இல்லாத போடி, சுதந்திரத்துக்கு அடுத்த மழை எல்லாம் ஒரு நோட்டில் ஏறின. பிறகு காகிதம் தேடினார்கள். தோட்டத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெரியவரின் பெயர் கிடைத்தது. ஆண்டு 1125, மாதம் இடவம். பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது கொல்லம் ஆண்டு. சனவரியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரையுள்ள நாட்களுக்கு 825ஐக் கூட்டவேண்டும். அதற்குப்பின் ஆண்டிறுதி வரை 824. இடவம் 1125 என்பது 1950 மே-ஜூன். எல்லைத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு. கொல்லம் 1126 பிறந்ததே 1950 ஆகஸ்ட் நடுவில்தான். ஆகவே பழைய காகிதத்தில் 1125 என்றோ அதற்கு முந்தைய எண்ணோ இருந்தால், கடைசிச் சில நாட்கள் நீங்கலாக எல்லாம் எல்லைக்கு முற்பட்டதே. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இப்படியொரு எண்ணைக் கண்டால், பிழையென்று எறிந்துவிடாதீர்கள்.

அதைத் தள்ளிப்போட இடமில்லை என்பதைப் பெட்டிமுடி காட்டியது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. முதியோரும் குழந்தைகளும் ஒரே இரவில் போனார்கள். ஊரைப் பற்றிச் சொல்லக்கூடியவரும், கேட்டு வைத்துக்கொள்ளவேண்டியவரும்.

பள்ளிப் பதிவேடு பிள்ளை இருந்ததைத்தான் காட்டுகிறது, தகப்பன் குடியிருந்ததைக் காட்டவில்லை என்று அலுவலகத்தில் கூறிவிட்டார்கள். இப்போது தகப்பனாருடைய பிரட்டுப் புத்தகப் பதிவைத் தேடுகிறார்கள். அக்காலத்துப் பேரேடுகளில் ஆட்கள் கங்காணியின் பெயருக்குக் கீழேதான் எழுதப்பட்டிருப்பார்களாம். கங்காணியின் பெயர் பெரியவருக்குச் சட்டென்று வரவில்லை. சங்கரன்கோவில் பக்கத்தவர், வலக்காது மடல் கிழிந்தவர், பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு அரையணா கொடுப்பவர் என்றார். இரண்டு நாள் கழித்து இரவு பதினொரு மணிக்கு மகனை எழுப்பிப் பெயரைச் சொன்னார். மகன் அந்நேரத்திலேயே மூணாற்றுக்குத் தொலைபேசியில் பேசினான்.