தங்கவயல் கற்பித்த சொற்கள்

துவாரகாவில் வாழ்வோர் தம் முகவரியைச் சொல்லும்போது செக்டர் எண்ணையே முதலில் கூறுவர். அந்த எண், அவ்விடத்தில் முன்பு யார் வாழ்ந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பவற்றைத் தெரிவிப்பதில்லை. கருநாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில் நிலைமை வேறு. பங்காரப்பேட்டையிலிருந்து அங்குச் செல்லும் கிளை இருப்புப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் முதலிய நிலையங்கள் வருகின்றன. இப்பெயர்களைப் பொருளறிந்து படிப்பவர், அவ்வூரின் வரலாற்றையும் நிலவியலையும் சேர்த்தே படித்தவர் ஆவார்.

இந்திய நிலப்படத்தில் சென்னையையும் பெங்களூரையும் ஒரு கோட்டால் இணைத்தால், பெங்களூரை நெருங்கும் இடத்தில், கோட்டிற்கு அருகில் தங்கவயல் அமையும். தமிழகம், ஆந்திரம், கருநாடகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் அதற்கு அண்மையில் உள்ளன. 1802ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, இப்பகுதி மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்வியுற்றார். ஊரார் மண்ணை அவர் முன்னே அலசிப் பொற்றுகள்களைப் பிரித்துக் காட்டினர். அவர் எழுதிய குறிப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் மைக்கேல் லாவெல் என்பவர் படித்தார். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறிய அயர்லாந்து நாட்டுப் படைவீரர் அவர். 1875இல் மைசூர் அரசிடமிருந்து சுரங்க உரிமம் பெற்றார். போதிய பணமின்மையால் அவரால் நெடுநாள் தொடர இயலவில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் பொறுப்பேற்றது.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நின்று நோக்க வேண்டும். 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டறியப்பட்டதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கு விரைந்தனர். அதனை ஆங்கிலத்தில் ‘கோல்டு ரஷ்’ என்பர். ‘ரஷ்’ என்பது முண்டியடித்து விரைவதைக் குறிக்கும். மாலை நேர மெட்ரோ வண்டியைக் குறித்துத் தில்லியில் நாள்தோறும் பேசப்படும் அதே சொல்தான். கலிபோர்னியாவில் ஆற்று மணலிலேயே பொன் கிடைத்தது. ஆகவே ஒரு தட்டும் மண்வெட்டியும் உடையவர் எவரும் அங்கு முயலலாம். கோலாரிலோ பொன் கடினமான பாறைக்குள் இழையாக ஓடியது. அதனை எடுப்பதற்கு ஆழ்குழிகளும் பொறிகளும் பெரும் மூலதனமும் தேவைப்பட்டன. எனவே இங்கு விரைந்தது இலண்டன் பங்குதாரர்களின் பணம். வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் பொன்னைத் தேடி வரவில்லை. கூலியைத் தேடி வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவு அப்போது மறையவில்லை. வந்தோருள் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாத உழவுத் தொழிலாளர். ஆங்கிலத்தில் ‘கோல்டு ஃபீல்ட்ஸ்’ எனப்பட்டது தமிழில் ‘தங்கவயல்’ ஆயிற்று. ஒருபோதும் தமக்கென வயல் இல்லாதவர்களின் ஊருக்கு அப்பெயர் வாய்த்தது.

இனி நிலையங்களின் பெயர்களுக்குத் திரும்பலாம். ‘சாம்பியன்’ என்றவுடன் விளையாட்டில் வென்றவர் நினைவுக்கு வருவார். இங்கு அதன் பொருள் அதுவன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் பகுதியின் சுரங்கத் தொழிலாளர், பல கனிம இழைகளுள் முதன்மையான இழையைச் ‘சாம்பியன்’ என்றனர். கோலாருக்கு மேற்பார்வையாளராக வந்தோருள் கார்ன்வால்காரர் பலர். அவர்களுடன் அவர்களது சொல்லும் வந்தது. ‘ரீஃப்’ என்பது கடலடிப் பாறைத் தொடரைக் குறிக்கும் சொல். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் அது பொன் இழையோடும் பாறையைக் குறித்தது. இவ்விரு சொற்களும் இணைந்து ‘சாம்பியன் ரீஃப்ஸ்’ என ஓர் ஊராயின. ‘கோரமண்டல்’ இன்னும் சுவையானது. சோழமண்டலம் என்னும் தமிழ்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து, பின்னர்ச் சுரங்கமொன்றின் பெயராகித் தமிழரிடமே திரும்பி வந்தது! ‘ராபர்ட்சன்பேட்டை’யில் முற்பகுதி ஆங்கிலேயர் பெயர், பிற்பகுதி நம்முடையது. ‘மாரிகுப்பம்’ மட்டும் மாற்றம் எதுவுமின்றி நின்றது.

பெயர்களைக் கற்பது எளிது. தொழிற்சொற்களைக் கற்பது அவ்வாறன்று. ‘ஷாஃப்ட்’ என்பது நிலத்தினுள் செங்குத்தாக இறங்கும் குழி. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. அங்குப் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். ‘ஏர் பிளாஸ்ட்’ என்றால் காற்று வெடிப்பு என்று அகராதி கூறலாம். ஆனால் தங்கவயலில் அது, மேலிருந்து அழுத்தும் பெருஞ்சுமையால் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைக் குறித்தது. அச்சொல்லின் பொருளைக் குடும்பத்தில் ஒருவரை இழந்து அறிந்தோரும் இருந்தனர். ‘சிலிகோசிஸ்’ என்பது பாறைத்தூள் நுரையீரலில் படிவதால் வரும் நோய்.

1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்னாற்றல் தங்கவயலை அடைந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். மின்னாற்றல் சுரங்கப் பொறிகளுக்காகவே கொண்டுவரப்பட்டது; ‘லைன்’ எனப்பட்ட தொழிலாளர் குடிசை வரிசைகளுக்காக அன்று.

1930இல் தொழிலாளரின் கைரேகைகளைப் பதிவு செய்யும் புதிய முறை வந்தபோது, அதனை எதிர்த்துப் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘கைநாட்டு’ என்னும் சொல் தமிழில் எழுத்தறியாதவரைக் குறிக்கும் ஏளனச்சொல்லாகவும் வழங்குவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். எழுத்தின்மீது அம்மக்கள் கொண்டிருந்த வேட்கைக்குச் சான்றுகள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. சுரங்கத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் கன்னடமும் தெலுங்கும் கேட்ட ஊரில் தமிழ் அச்சேறியது. அவர்களுக்குச் சாம்பியன் என்னும் சொல்லைத் தந்த கார்ன்வால்காரர்க்கும் ஒரு தாய்மொழி இருந்தது. கார்னிஷ் எனப்பட்ட அம்மொழி, அவர்கள் கோலாருக்கு வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. சொந்த ஊரில் இருந்துகொண்டே அவர்கள் அதனை இழந்தனர்.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் தந்த சுரங்கங்கள், பொன் குறைந்து செலவு மிகுந்தமையால் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன் பிரித்தபின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாக இன்றும் நிற்கிறது. அண்மையில் வந்த திரைப்படத்தால் ‘கே.ஜி.எஃப்.’ என்னும் மூன்றெழுத்து நாடெங்கும் பரவியுள்ளது. அதன் கதை கற்பனை. உண்மையான தங்கவயல் மக்களுள் பலர் நாள்தோறும் விடியற்காலையில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மாலையில் அவ்வண்டி கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் நிற்கிறது. அதற்கு அப்பால் இருப்புப்பாதை இல்லை.