சேர்வராயன் மலையின் கற்கோடரிகள்

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் தொல்பழங்கால மனிதர் விட்டுச் சென்ற சான்றுகளுள் முதன்மையானவை, தேய்த்து வழவழப்பாக்கப்பட்ட கற்கோடரிகள். புதிய கற்காலத்தைச் சேர்ந்த இக்கருவிகள் மரம் வெட்டவும் காட்டைத் திருத்தி நிலமாக்கவும் பயன்பட்டவை.

இத்தகைய கோடரி ஒன்றைச் செய்வது எளிய வேலையன்று. முதலில் கடினமான கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து ஏறக்குறைய முக்கோண வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மேடு பள்ளங்களைக் கொத்திக் கொத்திச் சமன் செய்ய வேண்டும். அடுத்து, தண்ணீரும் மணலும் இட்டுப் பாறையின் மேல் நெடுநேரம் தேய்த்தால்தான் விளிம்பு கூர்மை பெறும். அவ்வாறு தேய்த்த குழிகள் தென்னிந்தியாவின் புதிய கற்கால ஊர்களில் இன்றும் பாறைகளில் தெரிகின்றன. கூர்மையான விளிம்பு மட்டுமே போதும் என்ற நிலையில், சில கோடரிகள் உடல் முழுவதும் பளபளக்கும்படி தீட்டப்பட்டுள்ளன. தேவைக்கு மேற்பட்ட அந்த உழைப்பில் அழகுணர்வு இருந்ததென்றே கொள்ள வேண்டும்.

இரும்பு வந்தபின் இக்கருவிகள் மண்ணில் புதைந்தன. பல நூற்றாண்டுகள் கழித்து, சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரான மலையாளி மக்கள் நிலத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்கள். மனிதக் கை செய்த கருவி என்பது மறந்துபோன காலத்தில், அந்த வழவழப்பான கற்கள் தெய்வத்தன்மை உடையனவாகத் தோன்றின. சிறு பிள்ளையார் கோயில்களில் அவை வைத்து வணங்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இம்மலையில் கண்ட கோடரிகளில் பல, இப்படிக் கோயில்களில் சேர்ந்திருந்தவையே.

அந்த ஆய்வாளர்களில் தலையாயவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இவர், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. பிற்காலத்தில் அவர் வீடு அமைத்துக்கொண்ட ஊர் ஏற்காடு.   ஃபூட் 1912இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது.

ஃபூட் தம் வாழ்நாள் சேகரிப்பை 1904இல் சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அது கடல் கடந்து போகாமல் எழும்பூரிலேயே தங்கியது தமிழகத்தின் நற்பேறு. சேர்வராயன் மலைக் கோடரிகளும் அத்தொகுப்பில் அடங்கும். அவற்றைக் காத்ததில் மலையாளி மக்களின் பங்கு ஃபூட்டின் பங்குக்குச் சிறிதும் குறைந்ததன்று. பெயர் நின்றதோ ஃபூட்டுக்கு மட்டுமே.

தொல்பழங்கால மனிதரின் இன்னொரு சான்று பாறை ஓவியம். சேர்வராயனுக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் வெண்ணிற உருவங்களும், கிழக்கே விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி உருவங்களும் காணப்படுகின்றன. மேற்கே நீலகிரியின் கரிக்கியூர், தென்னிந்தியாவின் மிகப் பெரிய ஓவியத் தொகுதிகளுள் ஒன்று.

இத்தகைய ஓவியங்களின் வயதை அறிவது எல்லா இடங்களிலும் ஒரே அளவு எளிதன்று. உலகின் மிகப் பழைய பாறை ஓவியங்களுள் கைத்தடங்களும் அடங்கும். பாறையில் கையை வைத்து, காவிக் கரைசலை வாயால் ஊதினால், சுற்றிலும் நிறம் படிந்து நடுவே கையின் வடிவம் வெறுமையாக நிற்கும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அத்தகைய தடம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டு பழமையானது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. சுண்ணாம்புக் குகை என்பதால், ஓவியத்தின் மேல் படிந்த கால்சைட் படலத்தைக் கொண்டு வயதைக் கணிக்க முடிந்தது. தமிழகத்து ஓவியங்களில் பெரும்பாலானவை திறந்த பாறை ஒதுக்கிடங்களில், கிரானைட் போன்ற கடும்பாறைகளின் மேல் உள்ளவை. அங்கே அத்தகைய படலம் எளிதில் உருவாவதில்லை. எனவே நிறம், பாணி, ஓர் உருவத்தின் மேல் மற்றோர் உருவம் வரையப்பட்ட வரிசை ஆகியவற்றைக் கொண்டே காலத்தை மதிப்பிட வேண்டியுள்ளது. ஓவியத்தின் ஒரு கோடு அழிந்தாலும் அந்தச் சான்று குறைகிறது.

கரிக்கியூரில் பழைய உருவங்களின் மேலேயே பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக ஓவியத்தைத் தண்ணீரால் துடைப்பதும் சுண்ணக்கட்டியால் கோடிழுப்பதும் அதே அளவு கேடானவை. மலையில் கல் கருவியையோ ஓவியத்தையோ காண்பவர்கள் அதைத் தொடாமல், எடுக்காமல், இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.