பழைய பாக்கி கேட்டு வருகிறார்களா?



தெற்குவாசலிலிருந்து பாலத்தைக் கடந்து தெற்கே வந்தால் எங்கள் வில்லாபுரம். சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, மஃரிபுக்குப் பின் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்து போன நேரத்தில், மதரஸாவின் படியருகே ஒரு பெண்மணி தயங்கி நின்றார். இத்தா முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கணவர் தையற்காரர். இப்போது அதே மெஷினில் அவர் தைக்கிறார். இரு பிள்ளைகள் என்னிடம் ஓதுகிறார்கள்.

"ஹஜ்ரத், பிள்ளைங்க அத்தா பேர்ல பழைய போன் பில் பாக்கி இருக்காம். ஏழு வருஷத்துக்கு முந்தினதாம். நாலாயிரத்து நூத்தி எண்பது ரூபா. வக்கீல் ஆபீஸ்லருந்து பேசுறோம், வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா வாரண்டோட போலீஸ் வரும், மெஷினத் தூக்கிருவோம்ங்கறாங்க. தோட்ட வச்சிக் கட்டிரட்டுமா?"

"பில்லைக் காட்டினார்களா?" என்று கேட்டேன். காகிதம் ஒன்றும் வரவில்லை. எல்லாம் தொலைபேசியில்தான் என்றார்.

நான் வழக்கறிஞன் அல்லன். கலைக் கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் ஓதிக் கொடுக்க வந்தவன். ஆயினும் இதே கேள்வியோடு மஹல்லாவில் பலர் வருவதால் படித்தும், சட்டம் அறிந்த நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

கொடுக்கல் வாங்கல் பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். மோசடிக் குற்றச்சாட்டு இருந்தாலொழிய, பில் கட்டவில்லை என்பதற்காகக் காவல்துறை வாரண்டோடு வருவதில்லை. வழக்குத் தொடர்ந்து, தீர்ப்புப் பெற்று, அதன் பிறகே நிறைவேற்றம். அப்போதும் ஏழ்மையால் கட்ட இயலாதவரைச் சிறைக்கு அனுப்பலாகாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பெண்களைப் பொறுத்தவரை விதி இன்னும் தெளிவு. பணம் செலுத்தச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு உடுக்கும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவிகள் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மெஷினைப் பற்றிய அச்சம் வேண்டாம் என்றேன். அந்தச் சகோதரியின் முகத்தில் அப்போதுதான் சற்றுத் தெளிவு வந்தது.

லோக் அதாலத் பெயரைச் சொல்லி மிரட்டுவோரும் உண்டு. உண்மையாகவே அறிவிப்பு வந்தால் போய் வாருங்கள். சமரசம் பேசுவதற்கான இடம் அது. வராதவரைக் கைது செய்யும் இடமன்று.

அடுத்தது காலக்கெடு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பில் பாக்கி, புரோநோட்டு, கைமாற்று போன்றவற்றுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு இது பொருந்தாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள். ஆனால் மூன்றாண்டுக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வசூலிப்பவருக்கு அது தெரியும், நமக்குத் தெரிவதில்லை. கெடு முடியுமுன் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அது நம் கையெழுத்தில் பதிவானாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். கெடு முடிந்த பின்பும், "தருகிறேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, நூறு ரூபா கட்டுங்க, நான் மேலிடத்தில் பேசிக்கொள்கிறேன்" என்று இனிமையாகப் பேசுகிறவரிடம் எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான். நிரப்பாத காசோலையில் கையொப்பமிடவே வேண்டாம். பிறர் அதை நிரப்பினாலும் பொறுப்பு கையொப்பமிட்டவர்மீதே விழும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இறந்தவரின் கடன் என்றால், வாரிசு தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளி. மனைவியின் சொந்தத் தோட்டைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது, உறவினர் நண்பர் முன் இழிவுபடுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொலைபேசி நிறுவனம் இந்த வட்டத்துக்குள் வராது. அதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கந்துவட்டிக்காரரின் கதை வேறு. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மதுரைப் பக்கம் அதற்குப் பெயர்கள் ஏராளம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே, இரு பச்சிளங் குழந்தைகளோடு, தீயில் கருகியதை நாம் மறக்கவில்லை. மிரட்டல் தொடங்கியவுடனே வெளியே சொல்லிவிடுங்கள். ஜமாஅத்தில் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

இவ்வளவும் கேட்டபின் அந்தச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "கெடு முடிஞ்சிருச்சுன்னா அவங்க கடன் நீங்கிருச்சா ஹஜ்ரத்?"

உலக நீதிமன்றத்திலும் முழுமையாக நீங்குவதில்லை. வழக்குத் தொடரும் வழி அடைபடுகிறதே தவிர, கடன் அழிவதில்லை என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நம் மார்க்கத்தில் மூன்றாண்டுக் கணக்கே கிடையாது. மய்யித்தின் அடக்கச் செலவுக்குப் பிறகு கடன். வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் அதற்குப் பின்னர்தான். ஜனாஸா தொழவைக்குமுன் இறந்தவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆனால் இருக்கும் கடனைத்தான் தீர்க்க வேண்டும். எவரோ சொல்லும் தொகையையெல்லாம் அன்று. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுத்துக்கு அங்கே அத்தனை இடம்! எனவே காகிதம் கேட்பது கடனை மறுப்பதாகாது.

இருவருமாக அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். "இத்தொகையை நான் ஏற்கவும் இல்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை. என் கணவர் கையொப்பமிட்ட விண்ணப்பம், மாதவாரி பில், உங்களை வசூலுக்கு நியமித்த கடிதம் ஆகியவற்றின் நகல் தேவை. இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்." அழைத்தவர்களிடமே முகவரி கேட்டு வாங்கி, விரைவஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். காகிதம் வந்து, பாக்கி மெய்யென்று தெரிந்தால், அவர் விட்டுச் சென்றதிலிருந்து ரசீது பெற்றுக் கட்டிவிடுவது என்று முடிவு. இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை, அழைப்புகளும் நின்றுவிட்டன.

எழுந்தபோது அவரே சொன்னார். முக்கு மளிகைக் கடைப் பற்று நோட்டில் கணவர் பேரில் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் இருக்கிறதாம். அதற்கும் மூன்றாண்டு தாண்டிவிட்டது. கடைக்காரர் மவுத்துக்கு வந்து போனவர். ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லையாம்.

பெருநாள் தையல் கூலி வந்ததும் மூத்த மகனிடம் முதல் தவணையாக ஐந்நூறு கொடுத்தனுப்பினார். கடைக்காரர் வாங்க மறுத்தாராம். பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வரவு எழுதும் வரை நகரவில்லையாம்.